கொழும்பிலிருந்து ஒரு மத்தியகள வீரர்: புதிதாகத் தொடங்குவோருக்கும் பெற்றோருக்கும்

கோல் அடித்தவரின் பெயர் அன்றிரவே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கோலுக்கு இரண்டு பாஸ் முன்னால் எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, திரும்பி, சரியான காலுக்குக் கொடுத்தவர் யாரென்று மைதானத்தைச் சுற்றி நின்ற பலருக்குத் தெரியாது. உதைபந்தாட்டத்தின் மத்தியகளத்தில் ஆட ஆசைப்படுகிறவர் தொடக்கத்திலேயே இதை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். ரசிகர்கள் உங்கள் வேலையை மெதுவாகத்தான் கண்டுகொள்வார்கள். பயிற்றுநரும் தெரிவாளர்களும் சீக்கிரம் கண்டுகொள்ள வேண்டும், அதற்கு வழி செய்வது உங்கள் பொறுப்பு. இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த வழியைப் பற்றியது.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கொம்பனித்தெரு, மருதானை, வெள்ளவத்தை என்று கொழும்பின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி, 13 வயதிலிருந்து 20 வயது வரையிலான பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன். "பந்தோட திரிஞ்சா நாளைக்கு சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் அம்மா அப்பாவையும் நினைத்து எழுதுகிறேன். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மத்தியகளம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனி வேலைகள் உண்டு. பின்வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைத்து, பந்தைப் பாதுகாப்பாக முன்னே நகர்த்துபவர் 6ஆம் இலக்கம். இரண்டு தண்டனைப் பெட்டிகளுக்கும் இடையில் ஓயாமல் ஓடி, பறிப்பதும் கொடுப்பதும் சில நேரம் கோல் அடிப்பதுமாக இருப்பவர் 8. முன்கள வீரருக்குப் பின்னால் நெருக்கடியான இடத்தில் பந்தை வாங்கி, கடைசிப் பாஸைக் கொடுப்பவர் 10. முதுகில் எந்த இலக்கம் இருந்தாலும் இந்த மூன்றில் எது உங்களுக்கு இயல்பாக வருகிறது என்று பாருங்கள்.

நம் பிள்ளைகளில் அநேகமானோர் 10 ஆகத்தான் வர நினைக்கிறார்கள். பந்து காலில் நன்றாக நிற்கிறவன் எவனும் பாடசாலை அணியில் 10தான். ஆனால் கழகத்துக்குப் போனதும் அந்த ஓர் இடத்துக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள், நல்ல 6 ஒருவருக்காகப் பயிற்றுநர் தேடிக்கொண்டிருப்பார். கேட்டால் என் ஆலோசனை இது: 16 வயதுக்குள் 6 ஆகவும் 8 ஆகவும் ஆடிப் பழகிவிடுங்கள். அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதனால் நிச்சயம் கூடும்.

உடல் சிறியது என்று கவலைப்படுகிறவர்கள் இரண்டு பேரின் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குரோஷியாவின் லூக்கா மோட்ரிச்சை அந்நாட்டின் பெரிய கழகமொன்று சிறுவயதில் உடல் போதாது என்று திருப்பி அனுப்பியது. 18 வயதில் பொஸ்னியாவின் முரட்டு லீக்கில் மொஸ்டார் நகரக் கழகத்துக்கு இரவலாகப் போய் அடிவாங்கி ஆடப் பழகினார். 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது அவருக்குக் கிடைத்தது. பிரான்ஸின் என்கோலோ காண்டே 22 வயதிலும் அந்நாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் லெஸ்டருடன் பிரீமியர் லீக் சம்பியன், 2017இல் செல்சியுடன் மீண்டும் சம்பியன், 2018இல் உலகக் கிண்ணம். இருவரும் உயரத்தாலோ தோள்வலிமையாலோ மேலே வந்தவர்கள் அல்லர். பந்து எங்கே போகப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன் தெரிந்துகொண்டார்கள்.

பந்து வருவதற்கு முன்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். மத்தியகள வீரரின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது.

ஓரப் பின்கள வீரரோ ஓரத்தில் ஓடும் விங்கரோ பெரும்பாலும் தன் ஒரு பக்கத்தைக் கோட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆடலாம். மத்தியகளத்தில் நிற்பவருக்கு நாலாபுறமும் ஆள். ஆகவே பந்து காலுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்ப்பவர் அங்கே பிழைக்க மாட்டார். முன்னணி மத்தியகள வீரர் ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவருடைய தலையைக் கவனியுங்கள். இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை என்று ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

எப்போது பார்ப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பந்து ஒருவர் காலிலிருந்து கிளம்பி இன்னொருவரிடம் போய்க்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் எதுவும் மாறாது, அப்போது பாருங்கள். உங்களை நோக்கிப் பாஸ் புறப்பட்டதும் இன்னொரு சின்னப் பார்வை. பந்து காலைத் தொடும் நொடியில் கண் பந்தில்தான் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால்தான் பந்து காலுக்கடியில் நழுவும்.

இதைப் பழகப் புல்தரை தேவையில்லை, ஒழுங்கைக்குள் ஒரு மதில் இருந்தால் போதும். மதிலிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி நில்லுங்கள். பின்னால் ஒரு நண்பரை நிறுத்துங்கள். நீங்கள் மதிலில் அடித்த பந்து போய்க்கொண்டிருக்கும்போது அவர் விரல்களைக் காட்ட வேண்டும். நீங்கள் தோளுக்கு மேலால் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் பந்தை வாங்க வேண்டும். வாங்கும்போது மதிலுக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்காதீர்கள். உடம்பைப் பாதி திருப்பி வைத்து, பந்துக்குத் தூரத்தில் இருக்கும் காலால், உள்பாதத்தால் வாங்குங்கள். அப்படி வாங்கினால் முதல் தொடுகையிலேயே நீங்கள் மற்றப் பக்கம் பார்த்து நிற்பீர்கள். கிட்டேயிருக்கும் காலால் வாங்கினால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். எதிரணி ஆள் அதற்குள் வந்து ஒட்டிவிடுவார். தினமும் கால் மணி நேரம், பாதி நேரம் இடது காலால். சில மாதங்களில் வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

அடுத்தது இரண்டாவது பந்து. கோல் காப்பாளர் நீளமாக அடித்த பந்துக்கு இருவர் தலையால் மோதுகிறார்கள். மோதலில் தெறிக்கும் அந்தப் பந்துதான் இரண்டாவது பந்து. அது எங்கே விழும்? மோதல் நடக்கும் இடத்துக்கே ஓடிப்போவது நம் மைதானங்களில் அடிக்கடி பார்க்கும் பழக்கம். அங்கே போகாமல் சில யார் தூரம் தள்ளி நில்லுங்கள், பந்து உங்களிடம் வரும். கொழும்பில் பல மைதானங்கள் மேடும் பள்ளமும். பந்து எதிர்பாராமல் துள்ளும். அதனால் எங்கள் ஆட்டங்களில் இரண்டாவது பந்துக்கு வேறெங்கும் இல்லாத மதிப்பு உண்டு.

பேச்சும் வேலையின் ஒரு பகுதி. நடுவில் நிற்பவருக்குத்தான் முழு மைதானமும் தெரியும், அவர் வாயைத் திறக்காவிட்டால் அணி குருடாகிவிடும். கொழும்பு அணிகளில் மூன்று மொழியும் ஓடும். "மேன் ஒன்" (ஆள் வருகிறார்), "டேர்ன்" (திரும்பு) என்பவை எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் வம, தகுண, பிட்டிபஸ்ஸ என்று இடது, வலது, பின்னால் சொல்லவாவது முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். அமைதியான பிள்ளை என்று வீட்டில் பெயர் வாங்கியிருக்கலாம், மைதானத்தில் அந்தப் பெயர் உதவாது.

கடைசியாக ஒரு சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியே நிற்கும் நண்பரிடம் அதைக் கொடுத்து நான்கு பத்தி போடச் சொல்லுங்கள்: முன்னோக்கிப் போய்ச் சேர்ந்த பாஸ், பின்னுக்கோ பக்கத்துக்கோ கொடுத்த பாஸ், பறிகொடுத்த பந்து, வென்ற இரண்டாவது பந்து. கோடு போட்டால் போதும். நீங்கள் நன்றாக ஆடியதாக நினைத்த நாளில் முன்னோக்கிய பாஸ் மூன்றோ நான்கோதான் என்று கொப்பி சொல்லும். மறுநாள் பயிற்சியில் எதைத் திருத்துவது என்று அப்போது தெரியும்.

உடம்பும் கொழும்பின் காற்றும்

உயர்மட்ட ஆட்டமொன்றில் மத்தியகள வீரர் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுகிறார், அணியில் பெரும்பாலும் அவர்தான் அதிகம் ஓடுபவர். அதைக் கொழும்பின் ஈரப்பதத்தில் ஓடுவது வேறு விஷயம். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. ஆட்டத்துக்கு முதல் நாளே தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். இடைவேளையில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும். பார்மசியில் கிடைக்கும் ஜீவனி பக்கெட் மலிவு, தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டாலும் சரி. பயிற்சி முடிந்ததும் ரோல்ஸும் பிளேன்டீயும் அடிப்பது நம் வழக்கம். அதைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் முட்டையோ மீனோ பருப்போ வயிற்றுக்குள் போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். மின்னல் கண்டால் மைதானத்தை விட்டு வெளியேறுங்கள், நடுவர் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். சேற்று மைதானத்தில் காலில் கீறலோடு ஆடினால் எலிக்காய்ச்சல் வரலாம். காயத்தை மூடிக்கொண்டு ஆடுங்கள், ஆடி முடித்ததும் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சேற்றில் ஆடியதைக் கட்டாயம் சொல்லுங்கள். டெங்கு பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாளைக்கு மெட்ச் இருக்கிறது என்று காய்ச்சலோடு ஐபுபுரூஃபன், டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டு இறங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டெங்கு என்றால் அந்த மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும் எடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியர் சொன்ன பிறகே திரும்புங்கள். எந்த இறுதிப் போட்டியும் அதைவிடப் பெரிதல்ல.

முழங்கால் திரும்பி "டக்" என்று சத்தம் கேட்டு வீங்கினால் எண்ணெய் தடவி நடக்கப் பார்க்காதீர்கள். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். விளையாட்டு அமைச்சின் கீழ் கொழும்பு 7இல் விளையாட்டு மருத்துவ நிறுவகம் இருக்கிறது. பதிவு பெற்ற வீரர் அங்கே போகலாம். சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த மத்தியகள வீரர் தன்பால் கணேஷ் 2018இல் சென்னையின் எஃப்சியுடன் இந்தியன் சுப்பர் லீக்கை வென்றவர். அதற்கடுத்த பருவத்தை முழங்கால் காயம் எடுத்துக்கொண்டது. உச்சத்தில் நிற்கும்போதும் இது வரும், ஆகவே காயத்தை எதிர்பார்த்துத் திட்டம் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எங்கே ஆடுவது

பாடசாலைதான் முதல் வாசல். மருதானை ஸாஹிரா, கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட், கொழும்பு 12 ஹமீத் அல் ஹுசைனி, மருதானை புனித சூசையப்பர் போன்றவற்றுக்கு உதைபந்தாட்டத்தில் நீண்ட பெயர் உண்டு. உங்கள் பாடசாலையில் அணியே இல்லையென்றால் சோர்ந்துபோக வேண்டாம், நேரே கழகத்தின் இளையோர் அணிக்குப் போகலாம். கொட்டாஞ்சேனையில் ரட்ணம் விளையாட்டுக் கழகம், கொம்பனித்தெருவில் ஜாவா லேன், இவற்றோடு சோண்டர்ஸ், ரினோன், கொழும்பு எஃப்சி என்று நகரத்துக்குள்ளேயே பல கழகங்கள். பின்னேரம் மைதானத்துக்குப் போய், பொறுப்பாளரைக் கண்டு, "நான் இன்ன பாடசாலை, இன்ன இடத்தில் ஆடுவேன், இரண்டு கிழமை பயிற்சிக்கு வரலாமா சேர்?" என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போவது பலன் தரும்.

பதிவுக்கு முன் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதிவிடுகிறார்கள். கடவுச்சீட்டு எடுக்கும்போதும் வெளிநாட்டு இடமாற்றத்தின்போதும் அந்த ஓர் எழுத்து வித்தியாசம் பெரிய தலையிடி. ஒரே நேரத்தில் இரண்டு கழகங்களில் பதிவாக முடியாது, ஆகவே நண்பன் கேட்டான் என்று கண்ட படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வயதைக் குறைத்துப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். 17 வயதுக்குட்பட்ட சர்வதேசப் போட்டிகளில் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து வயதைப் பார்க்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். கழகங்கள் குறைவு, தூரம் கூட, ஆனால் ஆயுதப் படைகளின் மகளிர் அணிகள் இருக்கின்றன, தேசிய அணியும் இருக்கிறது. பயிற்சி முடிந்து வீடு திரும்பும் பயணத்தை முதல் நாளே ஒழுங்கு செய்துவிட்டால் வீட்டாரின் பாதி எதிர்ப்பு அடங்கும்.

தெரிவும் காணொளியும்

தெரிவுப் போட்டியில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம்தான். கூட ஆடுபவர்கள் யாரென்றே தெரியாது, எல்லோரும் தன்னைக் காட்டத் துடிப்பார்கள், பந்து வராது. அங்கே மூன்று பேரை வெட்டப் பார்த்து நான்காமவரிடம் பறிகொடுப்பவரைத் தெரிவாளர் சீக்கிரம் மறந்துவிடுவார். முதல் ஐந்து பாஸையும் இலகுவாக, உறுதியாகக் கொடுங்கள். பறிகொடுத்தால் உடனே துரத்துங்கள். பெயர் தெரியாவிட்டாலும் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு ஆட்களை ஒழுங்குபடுத்துங்கள். அறிமுகமில்லாத பத்துப் பேரை ஓர் அணிபோல ஆடவைக்கும் பிள்ளையைப் பயிற்றுநர் கட்டாயம் கவனிப்பார்.

காணொளி விஷயத்தில் பலர் முன்கள வீரர்களைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள்: பாட்டுப் போட்டு, கோல்களை வெட்டி ஒட்டி. உங்களுக்கு அது சரிவராது. கைத்தொலைபேசியை உயரமான இடத்தில், பெவிலியன் படியிலோ மதில் மேலோ வைத்து, முழு மைதானமும் தெரியும்படி ஓர் ஆட்டத்தை முழுமையாக எடுங்கள். அதிலிருந்து நான்கு நிமிடத்துக்கு ஒரு துண்டு தயாரியுங்கள். ஒவ்வொரு காட்சியும் பந்து உங்களிடம் வருவதற்கு ஐந்து வினாடி முன்னரே தொடங்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தது, இடம் மாறியது, கை காட்டியது எல்லாம் தெரியும். இரண்டு காட்சி பந்தே இல்லாமல் நீங்கள் ஓர் ஓட்டத்தை மறித்ததாக இருக்கட்டும். கூடவே முழு ஆட்டத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். நல்ல பயிற்றுநர் அதைத்தான் பார்ப்பார்.

தேசிய அணியைக் கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1995இல் சுகததாச அரங்கில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கியது இலங்கை. அண்மைக் காலத்தில் ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்று வெளிநாட்டில் வளர்ந்தவர்களும் தேசிய அணிக்கு வருகிறார்கள். இதை நம் பிள்ளைகளின் இடம் போகிறது என்று பார்க்கத் தேவையில்லை. கொழும்பு ரேஸ்கோஸ் மைதானத்தில் அணி ஆடும் நாளில் போய், அவர்கள் பந்தை எத்தனை தொடுகையில் விடுகிறார்கள், பாஸ் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் எட்ட வேண்டிய அளவு அதுதான்.

பணம், ஒப்பந்தம்

இனி அம்மா அப்பாவின் கேள்வி.

எழுத்து ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகம் கொடுக்கப்படும் வீரரைத்தான் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா தொழில்முறை வீரர் என்கிறது. அந்த அளவுகோலை வைத்தால், கொழும்பில் ஆடும் பலர் தொழில்முறை வீரர்கள் அல்லர். 2021இல் இலங்கையில் சுப்பர் லீக் தொடங்கியபோது நிலைமை மாறும் என்ற நம்பிக்கை வந்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி பீபா இலங்கையை இடைநிறுத்தியது, ஆகஸ்ட் வரை சர்வதேச வாசல் மூடிக்கிடந்தது. வீரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் இழப்பு அவர்களுக்குத்தான். ஆகவே உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தை நடத்த இங்கே திட்டம் போடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்ந்தால் நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் பயிற்சி வசதியும் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வழி பற்றி வேறு எண்ணங்கள் இருக்கும், அதை அந்தந்த வீடுதான் பேசித் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே கழகத்துக்கு ஆடுவது. மூன்றாவது வெளிநாடு. நம் வீரர்கள் பலர் பல ஆண்டுகளாக மாலைதீவு லீக்கில் ஆடி உழைத்திருக்கிறார்கள். மூன்றில் எதற்குப் போனாலும் சாதாரண தரப் பரீட்சை கைகொடுக்கும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் பயிற்சியைக் குறையுங்கள். 16 வயதில் மூன்று மாதத்தில் போன ஆட்டம் திரும்பி வரும்.

ஒப்பந்தம் வந்தால் அவசரப்படாதீர்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களுக்கு முழுதாக விளங்கவில்லையென்றால், விளங்குகிறவர் ஒருவரோடு வரிக்கு வரி வாசியுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இல்லாமல் கையெழுத்து வைக்க வேண்டாம், பீபா விதிப்படி அந்த வயதினருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தமும் போட முடியாது. பார்க்க வேண்டியவை: மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில், பருவம் இல்லாத மாதங்களிலும் உண்டா, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்தக் காலத்தில் சம்பளம் தொடருமா, விலகுவதற்கு என்ன நிபந்தனை. உங்களை ஊழியராக எடுக்கிறார்கள் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம் கட்ட வேண்டும். அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். கையில் வாங்கினால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகும் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் உண்டு என்கிறது பீபாவின் விதி. "அடுத்த கிழமை தாறம் தம்பி" என்ற வாட்ஸ்அப் செய்தியைக்கூட அழிக்காமல் வைத்திருங்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டி வருபவர்கள் விஷயத்தில் கடுமையாகவே இருங்கள். ஐரோப்பாவில் தெரிவு, வளைகுடாவில் கழகம், விசாச் செலவுக்கு மட்டும் இத்தனை லட்சம் கட்டினால் போதும் என்று வருவார்கள். ஒழுங்கான முகவர் உங்கள் ஒப்பந்தத்திலிருந்துதான் தரகு எடுப்பார், முன்பணம் கேட்க மாட்டார். அவருக்கு பீபாவின் உரிமம் இருக்க வேண்டும், பீபாவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சர்வதேச இடமாற்றத்தை, சில விதிவிலக்குகள் தவிர, பீபா தடைசெய்திருக்கிறது. 16 வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், பதில் வரும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பெயர் வெளியே வரும்போது

ஓர் ஆட்டத்தில் ஆட்ட நாயகனாகிவிட்டீர்கள், மைக்கை நீட்டுகிறார்கள். "கடவுளுக்கு நன்றி, கோச்சுக்கு நன்றி, எல்லோரும் நல்லா விளையாடினம்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மத்தியகள வீரருக்குத் தன் வேலையை மக்களுக்கு விளக்கக் கிடைக்கும் அரிய இடம் அது. ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள்: "இரண்டாவது பாதியில் அவர்களுடைய 10 எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு யார் பின்னுக்கு நின்றேன், பிறகு அவருக்குப் பந்து போகவில்லை." இப்படிப் பேசுகிறவரை அடுத்த முறையும் தேடி வருவார்கள். தமிழில் ஆட்டச் செய்தி தரும் தளங்கள் இங்கே இருக்கின்றன, நம் மொழியில் தெளிவாகப் பேசுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு நிமிடம் தயங்காமல் பேசப் பழகிக்கொண்டால் ஆதரவாளர்களும் அனுசரணையாளர்களும் கூடுவார்கள்.

சமூக ஊடகத்தில் உங்கள் பெயரில் ஒரே கணக்கு வையுங்கள். தோற்ற இரவில் எதையும் போடாதீர்கள். நடுவரைப் பற்றி எழுதாதீர்கள். இனத்தையோ மதத்தையோ சொல்லி யாராவது திட்டினால் பதிலுக்குத் திட்டாமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கழகத்துக்குக் கொடுங்கள். தேர்தல் காலத்தில் மேடையில் நின்று படமெடுக்கக் கூப்பிடுவார்கள், நான் என்றால் போக மாட்டேன். மைதானத்தில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் உங்களோடு ஆடுகிறார்கள்.

அணியில் யார் இல்லை, யாருக்குக் காயம் என்பதை எங்கும் எழுதவோ சொல்லவோ வேண்டாம். அந்தத் தகவலுக்குச் சூதாட்டக்காரரிடம் விலை உண்டு. பழக்கம் சின்னதாகத்தான் தொடங்கும்: ரசிகர் என்று ஒருவர் வருவார், பூட்ஸ் வாங்கித் தருவார், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார், பிறகு ஒரு நாள் "முதல் பாதியில் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினால் போதும்" என்பார். மத்தியகள வீரர்களிடம் இதைக் கேட்பது இலகு, ஏனென்றால் அவர்களுக்கு மஞ்சள் அட்டை இயல்பாகவே விழும். 2019இன் 24ஆம் இலக்க விளையாட்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி ஆட்ட நிர்ணயத்துக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 கோடி ரூபாய் வரை தண்டமும் கிடைக்கலாம். யாராவது அணுகினால் அன்றே கழகத்துக்கும் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் சொல்லிவிடுங்கள், மறைத்து வைப்பதும் உங்களைச் சிக்கலில் மாட்டும். பந்தயச் செயலியில் உதைபந்தாட்டத்துக்கு நூறு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், ஐரோப்பிய ஆட்டமாக இருந்தாலும்.

ஊக்கமருந்தும் இதே மாதிரிதான். ஜிம்மில் விற்கும் பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்பதே விதி. தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் புதுப்பிக்கப்படும். தடிமன் மருந்து, ஆஸ்துமா மருந்து, நாட்டு மருந்து எதுவானாலும் எடுப்பதற்கு முன் அணி வைத்தியரிடமோ இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையத்திடமோ கேளுங்கள். நோய்க்குக் கட்டாயம் தேவை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க முறை இருக்கிறது.

ஆடும் காலத்திலேயே அடுத்த வேலை

மத்தியகளத்தில் ஆடியவர்களுக்குப் பயிற்றுநர் வேலை இயல்பாகப் பொருந்தும். பல ஆண்டுகள் நடுவில் நின்று முழு அணியையும் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் காலில் வேகம் குறைந்த பிறகு தொடங்கினால் தாமதமாகிவிடும். 20, 21 வயதிலேயே சம்மேளனம் நடத்தும் டி உரிமப் பாடநெறிக்கு விண்ணப்பியுங்கள், பிறகு ஆசிய சம்மேளனத்தின் சி, பி என்று ஏறலாம். சனிக்கிழமை காலைகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கைச்செலவுக்கும் ஆகும், பேசிப் புரியவைக்கும் திறமையும் வளரும். விதிகளில் ஆர்வம் உள்ளவர் நடுவர் பரீட்சை எழுதலாம், ஓடக்கூடிய உடம்பு ஏற்கனவே இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு ஆடிய கழகங்களின் கடிதம் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு கழகத்தை விட்டு விலகும்போதும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த அணியில் ஆடினீர்கள் என்று கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் வாங்கி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் போட்டுவையுங்கள்.